‘எதுக்கு சார்?’ என்று கேட்கிற மளிகைக் கடை

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுத் துணிக்கடைக் கூட்டத்தை விட்டு விலகி உள்ளே நடந்தால் எங்கள் தெரு வரும். தெருமுனை அண்ணாச்சி கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லாமலே தெரிந்துவிடும். மற்றவர்கள் உங்கள் தெருவில் இப்படி ஒரு கடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இருந்தால் விடாதீர்கள்.

எனக்கு 62 வயது. ஹார்பரில் 33 வருடம் டாலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் கணக்கு எழுதுகிற வேலை. உரம், சர்க்கரை, பருப்பு என்று எத்தனையோ ஆயிரம் டன்னுக்குக் கணக்கு எழுதியிருக்கிறேன், ஆனால் வீட்டுக்கு ஒரு கிலோ பருப்பு நான் போய் வாங்கியது கிடையாது. ஷிப்ட் வேலை என்று சொல்லலாம், அது பாதிக் காரணம்தான். சம்பளத்தைக் கையில் கொடுத்தால் மீதியை என் மனைவி பார்த்துக்கொண்டாள், எப்படிப் பார்த்துக்கொள்கிறாள் என்று நான் கேட்டதில்லை. ஏப்ரல் கடைசியில் அவளுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வலது மூட்டு ஆபரேஷன் ஆனது. மூன்று மாதம் படி இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மகன் ஓசூரில் இருக்கிறான். மே மாதச் சாமான் நான்தான் வாங்க வேண்டும் என்று ஆயிற்று.

முதலில் நான் இந்தக் கடைக்குப் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சி கடையில் நின்று வாய்விட்டுக் கேட்க வேண்டும், பின்னால் நாலு பேர் காத்திருப்பார்கள், அத்தனையும் வருடக்கணக்காக வாங்கிப் பழகிய பெண்கள். அங்கே போய் என்ன அரிசி என்று தெரியாமல் நிற்க மனம் வரவில்லை. அதனால் கொஞ்சம் தள்ளி இருக்கிற ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். ஏ.சி. இருக்கிறது, யாரும் அவசரப்படுத்தவில்லை, கூடையைத் தள்ளிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றினேன். உளுந்து மட்டும் நாலு விதம் இருந்தது, எல்லாம் ஒரே மாதிரி பாக்கெட், எது விலை குறைவோ அதை எடுத்துப் போட்டேன். அரிசியும் அப்படித்தான். எண்ணெயில் மூன்று கம்பெனி பாக்கெட்டும் ஒரே உயரம், ஒன்று மட்டும் பத்து ரூபாய் குறைவு, அதை எடுத்தேன். பில் போடும்போது ஒரு சாமானுக்கு அட்டையில் 178 என்று இருந்தது, கம்ப்யூட்டரில் 192 விழுந்தது. கேட்டேன். சிஸ்டத்தில் அப்படித்தான் சார் வருகிறது என்றார்கள். பின்னால் வரிசை நின்றதால் கொடுத்துவிட்டு வந்தேன், இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, கணக்கு எழுதியே காலம் தள்ளியவன் நான்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி படுக்கையில் இருந்தபடியே ஒவ்வொரு பாக்கெட்டாக வாங்கிப் பார்த்தாள். திட்டவில்லை. "இது உடைச்ச உளுந்துங்க, தாளிக்க ஆகும், மாவுக்குப் போட்டா பொங்காது" என்றாள். இட்லி அரிசி என்று நான் எடுத்தது பச்சரிசி. எண்ணெய்ப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் சின்ன எழுத்தில் 850 மில்லி, ஒரு லிட்டர் இல்லை. இது ஏமாற்று கிடையாது, அளவு அச்சிட்டுத்தான் இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. பாக்கெட்டில் ஒரு மில்லி அல்லது ஒரு கிராம் என்ன விலை என்பதையும் போட்டிருப்பார்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு அதை ஒப்பிட்டுப் பாருங்கள், மொத்த விலையைப் பார்க்காதீர்கள். எண்ணெய் ஒரு லிட்டர் என்றால் ஏறக்குறைய 910 கிராம்தான் எடை வரும், கிலோ விலையையும் லிட்டர் விலையையும் ஒன்றாக நினைத்தாலும் கணக்கு தப்பிவிடும்.

"அண்ணாச்சிகிட்டயே போங்க. மாடி வீட்டு அக்கா அனுப்பினாங்கன்னு சொல்லுங்க, அவருக்குத் தெரியும்" என்றாள். மறுநாள் காலையில் போனேன்.

கடை பெரியது இல்லை. பத்தடி அகலம், உள்ளே பதினைந்தடி இருக்கலாம். முன்னால் மூட்டைகளின் வாயைச் சுருட்டி விட்டு வரிசையாக வைத்திருக்கிறார், ஒவ்வொன்றிலும் ஒரு அலுமினியக் கரண்டி குத்தி நிற்கிறது. நான் முதலில் பார்த்தது மூட்டைகளின் அடியை. எல்லா மூட்டையும் மரப்பலகை மேல் நிற்கிறது, தரையில் ஒன்று கூட இல்லை. கப்பலிலும் சரக்குக்கு அடியில் இப்படித்தான் கட்டை போடுவார்கள், டன்னேஜ் என்போம். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் விடாமல் மழை பெய்தால் தெருத் தண்ணீர் கடைப் படி வரை ஏறிவிடும். பலகை இல்லாத கடையில் அடி மூட்டை ஈரம் வாங்கும், அரிசியில் வாடை வரும். மே மாத வெயிலிலும் பலகையை எடுக்காமல் வைத்திருந்தார், அதிலேயே எனக்கு இந்தக் கடை மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

"ஒரு கிலோ துவரம்பருப்பு" என்றேன்.

"எதுக்கு சார்?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பருப்பு எதற்கு என்று ஒரு கடைக்காரர் கேட்பாரா? "சாம்பாருக்கா, கடைஞ்சு சாப்பிடவா, பொடி அரைக்கவா?" என்று அவரே விளக்கினார். சாம்பாருக்கு என்றேன். இரண்டு மூட்டையிலிருந்து ஒவ்வொரு பிடி எடுத்து, ஒன்றை என் வலது கையிலும் ஒன்றை இடது கையிலும் கொட்டினார். வலது கையில் இருந்தது கொஞ்சம் பெரிசு, வெளிறிய மஞ்சள், தொட்டால் மாவு மாதிரி லேசாக ஒட்டியது. இடது கையில் இருந்தது சின்னது, நல்ல மஞ்சள், மினுமினுப்பு, விரலால் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தது. பார்க்க மினுக்குகிறதுதான் நன்றாக இருந்தது. ஆனால் அவர் வலது கையைக் காட்டி, "இது நாலு விசில்ல கரைஞ்சிரும். அது பளபளன்னு இருக்கும், வேக நேரம் எடுக்கும், பொடிக்கு வறுக்கலாம்" என்றார். மினுக்கல் பருப்பில் கிலோவுக்கு எட்டு ரூபாய் குறைவு. எது வேண்டும் என்று என்னையே முடிவு பண்ணச் சொன்னார். ஒரு அலமாரி முன்னால் ஒரு மணி நேரம் நின்றும் எனக்குத் தெரியாத விஷயம், உள்ளங்கையில் இரண்டு பிடி பருப்பில் தெரிந்துபோனது.

அப்புறம் எதைக் கேட்டாலும் அதே கேள்விதான். புளி கேட்டால், ரசத்துக்கா மீன் குழம்புக்கா? ரசத்துக்குப் புதுப் புளி, நிறம் இளசாக இருக்கும். மீன் குழம்புக்குப் பழசு, கறுத்துப்போய் இருந்தாலும் அதில்தான் குழம்பு நிற்கும். அரிசி கேட்டால், பழசா புதுசா, சாதம் உதிரியாக வேண்டுமா குழைவாக வேண்டுமா? பழைய அரிசி தண்ணீர் கூடக் குடிக்கும், சாதம் உதிரியாக வரும். மாவுக்கு நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு முழு உளுந்து, தோல் நீக்கியது. "அக்கா இதைத்தான் வாங்குவாங்க" என்று மூட்டையைக் காட்டினார். வெந்தயம் ஒரு ஸ்பூன் சேர்த்து ஊறப்போட வேண்டும் என்று பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி சொன்னார்கள். நான் எந்தப் பெண்களின் முன்னால் நிற்கக் கூச்சப்பட்டேனோ அவர்கள் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ஒருத்தருக்கு ஒருத்தர் மாற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். பாட்டி சொன்னதை ஒரு அம்மா மறுத்தார்கள், அரை ஸ்பூன் போதும், இல்லாவிட்டால் கசக்கும் என்று. கடைசியில் அரை ஸ்பூனே போட்டோம், மாவு நன்றாகப் பொங்கியது.

அரிசி மூட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூட்டையில் 26 கிலோ என்று போட்டிருந்தது. நான் பார்த்த மூட்டையெல்லாம் 25, 50, 75 என்று இருக்கும், இது என்ன 26 என்று கேட்டேன். 2022 ஜூலையிலிருந்து பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரைக்கும் 5 சதவீதம் ஜி.எஸ்.டி., அதற்கு மேல் போனால் கிடையாது, அதனால் மில்காரர்களே ஒரு கிலோ கூட்டிக் கட்டிவிடுகிறார்கள் என்றார். மூட்டையிலிருந்து சில்லறையாக அள்ளிக் கொடுக்கிற அரிசிக்கும் பருப்புக்கும் அந்த வரி இல்லை. எங்கள் இரண்டு பேருக்கு மூட்டை வேண்டாம் என்று பத்து கிலோ மட்டும் நிறுத்து வாங்கினேன். அதுவும் அவர் சொன்னதுதான், "ரெண்டு பேருக்கு மூட்டை எதுக்கு சார், வெயில்ல வண்டு வந்துரும்."

தராசைக் கவனித்தேன், அது என் பழக்கம். எலெக்ட்ரானிக் தராசு, வாடிக்கையாளர் பக்கமும் எண் தெரிகிறது, வெறும் தட்டில் பூஜ்யம் காட்டியது. காகிதப் பையை வைத்து மறுபடி பூஜ்யம் ஆக்கிவிட்டுத்தான் சாமானைக் கொட்டுகிறார். இதைச் சரியாகச் செய்யாத கடைகளில் பையின் எடைக்கும் நாம் காசு கொடுக்கிறோம், ஏலக்காய், முந்திரி மாதிரி விலை கூடின சாமானில் அது கணிசமாக வரும். எலெக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறை முத்திரை புதுப்பிக்க வேண்டும், தொழிலாளர் துறையில் இருந்து வந்து செய்வார்கள். அந்தச் சான்றிதழைச் சாமி படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறார், தேதி சரியாக இருந்தது. எந்தக் கடைக்குப் போனாலும் இதைப் பாருங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

நடுவில் அவர் கேட்ட ஒரு கேள்விதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. "ரேஷன்ல இந்த மாசம் பருப்பு, பாமாயில் வந்துருச்சா சார்? வந்தா இங்க அரைக் கிலோ வாங்கினா போதும்." ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். தன் வியாபாரம் குறையும் என்று தெரிந்தே ஒருத்தர் இதைச் சொல்கிறார். அப்புறம் அவரே, "ஆனா மீன் தடைக்காலம், பருப்பு கூடத்தான் செலவாகும், ஒரு கிலோவே வச்சுக்குங்க" என்றார். உண்மைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, காசிமேட்டில் மீன் வரத்து குறைந்து விலை ஏறிவிடும், எங்கள் பக்கம் வாரத்தில் நாலு நாள் மீன் வைக்கிற வீடெல்லாம் சாம்பார், முட்டை, கருவாடு என்று மாறும். இந்தக் கணக்கு எந்த அலமாரியில் எழுதியிருக்கும்?

அடுத்து மிளகாய்த்தூள் கால் கிலோ கேட்டேன். கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அக்கா பாக்கெட் தூள் வாங்க மாட்டாங்களே. வருஷா வருஷம் இந்த வெயில்ல காய வச்சு அரைப்பாங்க, இந்த வருஷம் இன்னும் வாங்கல" என்றார். எவ்வளவு வாங்குவாள் என்று கேட்டேன். நோட்டைப் பார்க்கவில்லை, அப்படியே சொன்னார்: நீட்டு மிளகாய் முக்கால் கிலோ, குண்டு மிளகாய் கால் கிலோ, தனியா ஒன்றரைக் கிலோ, மிளகு நூறு, சீரகம் நூறு, வெந்தயம் ஐம்பது, விரலி மஞ்சள் நூறு, துவரம்பருப்பு ஒரு கைப்பிடி.

நான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். 35 வருடமாக நான் சாப்பிட்ட குழம்பின் அளவு இது. எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்குள் ஒரு நாளும் வராத இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு வருடமும் அவளைக் கேட்டு, அவளுக்கு நிறுத்துக் கொடுத்தவர் அவர்.

அத்தனையும் வாங்கிக்கொண்டு போனேன். மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து இரண்டு நாள் காயவைத்தேன். அவள் கட்டிலில் இருந்தபடி, மிளகாயைக் காம்போடு காய வைத்து அப்புறம் கிள்ளுங்கள், தனியாவைத் தனியாக வறுங்கள், மஞ்சளைத் தட்டிப் போடுங்கள் என்று சொல்லச் சொல்லச் செய்தேன். மிளகாய் காய்ந்ததா என்று எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, கையில் எடுத்துக் குலுக்குங்கள், உள்ளே விதை சலசலக்கும் என்றாள். குலுக்கினேன், கேட்டது. மாவு மில்லில் அரைத்துக்கொண்டு வந்து, சூடு ஆறுவதற்குப் பேப்பரில் பரப்பி வைத்தபோது வீடு பூராவும் அந்த வாசனை. அதைத் தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும்போது எத்தனையோ தடவை முகர்ந்திருக்கிறேன்.

சரி, குறைகளையும் சொல்ல வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இந்தக் கடையில் நிற்க முடியாது. வரிசை என்று ஒன்று கிடையாது, யார் சத்தமாகச் சொல்கிறார்களோ அவர்களுக்கு முதலில். கடையில் இருக்கிற பையன் நல்ல பையன்தான், ஆனால் அந்த நேரத்தில் அவனும் எதுக்கு என்று கேட்பதில்லை, கைக்கு வந்ததை நிறுத்துப் போட்டுவிடுகிறான். ஒரு நாள் கடலைப்பருப்பு கேட்டு பட்டாணிப்பருப்பு வந்தது. திருப்பிக் கொடுத்தபோது அண்ணாச்சி ஒரு வார்த்தை பேசாமல் மாற்றிக் கொடுத்தார், அவனையும் மற்றவர்கள் முன்னால் திட்டவில்லை. பில் என்று துண்டுக் காகிதத்தில் விலை மட்டும் வரிசையாக எழுதிக் கூட்டித் தருகிறார், சாமான் பேர் இருக்காது. நான் பேரும் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குகிறேன், முகம் சுளிக்காமல் எழுதித் தருகிறார். சீரகம், கசகசா மாதிரி சின்ன அளவுகளை இன்னும் செய்தித்தாளில் பொட்டலம் கட்டுகிறார். அது எனக்குப் பிடிக்கவில்லை. அச்சு மை சாப்பாட்டில் ஒட்டும், உணவுப் பாதுகாப்பு ஆணையமே கூடாது என்று சொல்லியிருக்கிறது. நான் வீட்டிலிருந்து சின்ன டப்பாக்கள் கொண்டுபோகிறேன், தராசில் டப்பாவை வைத்துப் பூஜ்யமாக்கி நிறுத்துத் தருகிறார். அவரிடமும் சொன்னேன், வெள்ளைக் காகிதத்துக்கு மாறப் பார்க்கிறேன் என்றார், இன்னும் மாறவில்லை.

விலை? மே மாதச் சாமான் மொத்தம் 3,260 ரூபாய் ஆனது, மிளகாய்ச் செலவையும் சேர்த்து. அரிசி, பருப்பு, மசாலாச் சாமான் எல்லாம் சூப்பர் மார்க்கெட்டை விடக் குறைவாகவோ சமமாகவோதான் இருக்கிறது, வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலையில் கொத்தவால் சாவடி பக்கம் போய் அவரே பார்த்து எடுத்து வருகிறார். காய்கறி வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டாலும் மளிகை மொத்த வியாபாரம் அந்தத் தெருக்களில்தான் இன்னும் இருக்கிறது. ஆனால் சோப்பு, வாஷிங் பவுடர், பிஸ்கட் இவற்றில் அண்ணாச்சி அச்சிட்ட விலைக்குக் குறைப்பதில்லை. பெரிய கடைகளில் தள்ளுபடி கிடைக்கும், அவற்றை மட்டும் அங்கே வாங்கினால் உங்களுக்கு லாபம். பாக்கெட் சாமானில் தேதியைப் பார்த்து வாங்குங்கள், இங்கேயும். ஒரு முறை ரவைப் பாக்கெட் தேதி முடிய நாலு நாள்தான் இருந்தது.

முதல் தடவை தனியாகச் சாமான் வாங்கப் போகிறவர்கள், வேலைக்கு வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பிள்ளைகள், என்னை மாதிரி இத்தனை வயதுக்கு அப்புறம் பையைத் தூக்குகிறவர்கள், யாராக இருந்தாலும் காலையில் எட்டிலிருந்து பத்துக்குள் போங்கள். அப்போது அண்ணாச்சி மட்டும் இருப்பார், கூட்டம் இருக்காது, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வார். தெரியாது என்று சொல்லிவிடுங்கள், அது போதும். மதியம் ஒன்றரையிலிருந்து நாலு வரை கடை மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அரை நாள். ஜி.பே. இருக்கிறது, தெரிந்தவர்களுக்கு நோட்டுக் கணக்கும் உண்டு. என் மனைவியின் கணக்கில் 340 ரூபாய் பாக்கி இருந்தது, ஆபரேஷனுக்கு முந்தின வாரம் வாங்கியது. நான் முதல் நாள் போனபோது அதை அவர் சொல்லவே இல்லை, நான் நோட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. "அக்கா வந்து கொடுக்கட்டும் சார், அவங்க கணக்கு அவங்களோட" என்றார். கொடுத்தேன், வாங்கவில்லை. அது அப்படியே நோட்டில் இருக்கிறது. ஜூலை கடைசியில் அவள் படி இறங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பை கொண்டு போங்கள், கடையில் பிளாஸ்டிக் பை கிடையாது. செக்கு எண்ணெய் வாங்குவதாக இருந்தால் தூக்குப் பாத்திரம் தனியாக.